தங்கையின் நிறமும் என் விரல் மூட்டுகளும்

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். நான் மூத்தவள், ‘சிவப்பு’ என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்டவள். தம்பி மாநிறம். கடைசியாகப் பிறந்த தங்கை நல்ல கறுப்பு. ஒரே அப்பா, ஒரே அம்மா. முப்பத்தைந்து வயதில் எனக்கு மூட்டுகள் வீங்கி விறைக்கும் முடக்குவாதம் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துத் தங்கைக்கு லூபஸ் என்று உறுதியானது. இரண்டுமே உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்கள். தம்பிக்கு இன்றுவரை ஒன்றும் இல்லை. சென்ற மாதம் தங்கை தொலைபேசியில் கேட்டாள்: “அக்கா, கறுப்பா இருக்கிறவங்களுக்குத்தான் லூபஸ் அதிகமா வருதாம், படிச்சேன். அப்போ என் நிறந்தான் காரணமா?”

இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். மூத்தவளுக்கு வாயில் அப்படித்தான் வரும். ஆனால், அவள் படித்தது பொய்யில்லை என்பது பிறகு உறுத்திக்கொண்டே இருந்தது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு வெள்ளையினப் பெண்களைவிட ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு அதிகமாக லூபஸ் வருகிறது. வந்தவர்களிலும் சிறுநீரகம் கெடுவது அவர்களுக்கே அதிகம். நோய்ப் பதிவேடுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த உண்மை இது. சரியான ஒரு கணக்கிலிருந்து தவறான ஒரு முடிவுக்கு அவள் எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் அது எனக்கே பிடிபட வேண்டும். நான் மருத்துவர் இல்லை. பதினோரு ஆண்டுகளாக நோயாளி. அதே பதினோரு ஆண்டுகளாக இந்த நோய்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறவள், அவ்வளவுதான்.

அந்தக் கணக்கில் வரும் ‘கறுப்பு’ என்ற சொல், தோலின் நிறத்தை அளந்து வைத்த பெயர் இல்லை. ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்தும் மத்தியப் பகுதியிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் சந்ததி என்பதே அதன் பொருள். அதாவது, அது வம்சாவளியைச் சொல்லும் சொல். அந்த வம்சாவளியோடு சேர்ந்துவந்த வாழ்நிலையையும் சொல்லாமல் சொல்லும் சொல். என் தங்கைக்கும் அந்தப் பெண்களுக்கும் பொதுவாக இருப்பது தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி மட்டுமே. பப்புவா நியூ கினியில் வாழ்கிறவர்களும் கறுப்பு, செனகலில் வாழ்கிறவர்களும் கறுப்பு. ஆனால் மொத்த மரபணுக்களையும் வைத்துப் பார்த்தால் பப்புவாக்காரர், செனகல்காரரைவிடச் சீனருக்கே நெருக்கமானவர். பார்த்த மாத்திரத்தில் உறவு சொல்லும் கண், இங்கே பெரிய பிழை செய்கிறது.

இதைத் துல்லியமாகக் காட்டுகிற இரண்டு எண்கள் உண்டு. 1972-இல் ரிச்சர்ட் லெவன்டின் என்ற மரபியலாளர், மனிதர்களுக்கிடையே உள்ள மரபணு வேறுபாடுகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள்கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று கணக்கிட்டார். கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே இருப்பது மிச்சமுள்ள சிறு பங்குதான். முப்பது ஆண்டுகள் கழித்து, 2002-இல், ஜான் ரெலத்ஃபோர்ட் என்ற மானிடவியலாளர் தோலின் நிறத்துக்கு மட்டும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். விடை தலைகீழாக வந்தது. நிறத்தில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 88 விழுக்காடு உலகின் பெரும்பகுதிகளுக்கு இடையே இருந்தது. சூரிய ஒளியின் கடுமைக்கு ஏற்ப இயற்கைத் தேர்வு தோலை மட்டும் அப்படி வடிகட்டி வைத்திருக்கிறது. மற்ற மரபணுக்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை, அவற்றிலிருந்து முற்றிலும் விலகி நிற்கும் ஒரே பண்பை வைத்து ஊகிப்பது எவ்வளவு விபரீதம் என்று யோசித்துப் பாருங்கள். நாம் நாள்தோறும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

எங்கள் வீட்டுக்குள்ளேயே இதற்குச் சான்று இருக்கிறது. தோலை வெளுக்கச் செய்யும் மரபணுக்களில் நன்கு அறியப்பட்டது எஸ்.எல்.சி.24ஏ5, 2005-இல் வரிக்குதிரை மீன்களைக் கொண்டு அதன் வேலையைக் கண்டுபிடித்தார்கள். அது பதினைந்தாவது குரோமோசோமில் இருக்கிறது. முடக்குவாதம், லூபஸ் உள்ளிட்ட பல வாதநோய்களின் ஆபத்தில் முதலிடம் வகிப்பவை, எது தன்னுடையது எது அந்நியம் என்று நோய் எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டும் எச்.எல்.ஏ. மரபணுக்கள். அவை இருப்பதோ ஆறாவது குரோமோசோமில். வெவ்வேறு குரோமோசோம்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை. ஒன்று எந்தப் பக்கம் போனது என்பது மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. உடன்பிறந்த இருவர் எச்.எல்.ஏ. பகுதி முழுவதையும் ஒன்றாகப் பெற்றிருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. பாதி பொருந்த இரண்டில் ஒரு வாய்ப்பு. எதுவுமே பொருந்தாமலிருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. சிவப்பான நானும் கறுப்பான அவளும் அந்தப் பகுதியில் அச்சு அசலாக ஒன்றாக இருக்கலாம். மாநிறத் தம்பி எங்கள் இருவரிடமிருந்தும் முழுக்க வேறுபட்டிருக்கலாம். வம்சாவளி மூவருக்கும் ஒன்றே. நிறம் மூன்று. நோய் இரண்டு.

ஆகவே நிறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, வம்சாவளியாவது ஆபத்தைக் கூட்டுகிறதா என்று கேட்டால், கூட்டுகிறது. சில நோய்களில் மிகவும் கூட்டுகிறது. ஆனால் வம்சாவளி என்பது ஒற்றைப் பொருள் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவந்த ஒரு மூட்டை அது. ஆபத்து மூட்டையில் இல்லை, அதற்குள் இருக்கும் குறிப்பிட்ட ஓரிரு பொருள்களில் இருக்கிறது. இதை எனக்குப் புரியவைத்தது எச்.எல்.ஏ. பி27-இன் கதை. எனக்கோ என் தங்கைக்கோ அதோடு தொடர்புள்ள நோய் இல்லை என்றாலும் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதுகெலும்பின் கணுக்கள் அழற்சியால் வலித்து, நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுமுதுகு மூங்கில்போல் விறைத்துப்போகும் நோய்க்கு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பெயர். 1973-இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் இரு குழுக்கள் தனித்தனியே ஒன்றைக் கண்டன: அந்த நோயாளிகளில் 10 பேரில் ஏறத்தாழ 9 பேரிடம் பி27 என்ற மரபணு வடிவம் இருந்தது, நோயில்லாத பொதுமக்களிடம் 100 பேரில் 8 பேரிடம்கூட அது இல்லை. ஒரு மரபணுவுக்கும் ஒரு வாதநோய்க்கும் இவ்வளவு இறுக்கமான தொடர்பை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பிறகு உலகம் முழுவதும் தேடினார்கள். கனடாவின் மேற்குக் கடலோரத்தில் வாழும் ஹைடா மக்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் பி27 இருந்தது. வடக்கு ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்களிடம் ஐரோப்பாவின் மற்ற இடங்களைவிட மிகுதி. ஜப்பானியர்களில் 100 பேரில் ஒருவருக்கும் குறைவு. ஜப்பானில் அந்த நோயும் அதே அளவுக்கு அரிது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் பி27-உம் அரிது, நோயும் அரிது.

இதுவரை படித்தால், வடக்கத்தியர்களின் நோய், வெள்ளைத்தோலின் நோய் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் ஹைடா மக்கள் வெள்ளையர்கள் இல்லை. அதைவிட முக்கியமாக, மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் வாழும் ஃபுலா மக்களிடம் பி27 ஓரளவு இருக்கவே செய்கிறது. ஆனால் 1990-களில் அங்கு போய்த் தேடிய ஆய்வாளர்களுக்கு, பி27 இருந்தும் முதுகு விறைத்துப்போன நோயாளிகள் தென்படவில்லை. சார்டினியாத் தீவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பி27-இன் சில உட்பிரிவுகள் இருக்கின்றன. மற்ற உட்பிரிவுகளிலிருந்து ஓரிரு அமினோ அமிலங்களில்தான் அவை மாறுபடுகின்றன. அந்தச் சிறு மாற்றமே நோயோடுள்ள தொடர்பை ஏறக்குறைய அறுத்துவிடுகிறது. அமெரிக்கக் கறுப்பின நோயாளிகளிலோ ஏறத்தாழ பாதிப் பேரிடம் பி27 இல்லாமலே அந்த நோய் வருகிறது. ஐரோப்பியர்களை வைத்து எழுதப்பட்ட அளவுகோலை நம்பி, ‘பி27 இல்லை, ஆகவே அந்த நோய் இல்லை’ என்று ஒரு கறுப்பின இளைஞரைத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. பி27 உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் அந்த நோய் வருவதே இல்லை. 100 பேரில் சுமார் 5 பேருக்கு மேல் வராது என்பதே பொதுவான கணிப்பு. உலகில் தெரிந்த மிக வலுவான மரபணுத் தொடர்புகளில் ஒன்றுக்கே கதி இதுவென்றால், ‘எந்தக் குலம், எந்த நிறம்’ என்ற மங்கலான கேள்விகளுக்கு எவ்வளவு சொல்லும் திறன் இருக்க முடியும்?

இனி என் நோய். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கையை மூடிப் பார்ப்பேன். நுனிவிரல்கள் உள்ளங்கையைத் தொட்டால் நல்ல நாள். தொடாமல் இரண்டு விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டால், வெந்நீரில் கையை ஊறவைத்து முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். கைவிரல்களின் அடிக்கணுக்கள் முட்டிக்கொண்டு மினுமினுக்கும். என் தோலில் அந்தச் சிவப்பு பளிச்சென்று தெரியும். முதல் மருத்துவரே பார்த்தவுடன் கண்டுகொண்டார். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

முடக்குவாதம் எல்லா மக்களிடமும் இருக்கிறது. பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு அல்லது அதற்கும் சற்றுக் குறைவாக. 1987-இல் பீட்டர் கிரெகர்சனும் உடன் ஆய்வு செய்தவர்களும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: இந்த நோயோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. வடிவங்கள் பலவாக இருந்தாலும், அவற்றின் குறிப்பிட்ட ஓரிடத்தில் ஐந்து அமினோ அமிலங்களின் வரிசை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. வடக்கு ஐரோப்பியரிடம் ஒரு வடிவம், ஜப்பானியரிடமும் கொரியரிடமும் வேறொன்று, தெற்காசியரிடமும் தெற்கு ஐரோப்பியரிடமும் மற்றொன்று, அமெரிக்கப் பழங்குடிகளிடம் இன்னொன்று. வேலை மட்டும் ஒன்றே. உடைகள் வெவ்வேறு, சட்டைப் பையில் இருக்கும் சாவி ஒன்று என்று நான் அதை நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

மாறாக, சில சாவிகள் சில வீடுகளில் மட்டுமே இருக்கின்றன. பி.டி.பி.என்.22 என்ற மரபணுவின் ஒரு வடிவம் முடக்குவாதத்தின் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2004-இல் தெரிந்தது. வடக்கு ஐரோப்பாவில் அது பரவலாக இருக்கிறது. தெற்கே போகப்போக மெலிகிறது. கிழக்காசியர்களிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. அதற்கு ஓராண்டுக்கு முன் ஜப்பானியர்களிடம் கண்ட பி.ஏ.டி.ஐ.4 என்ற மரபணுவின் ஆபத்தோ கிழக்காசியர்களிடம் தெளிவாகவும் ஐரோப்பியர்களிடம் மங்கலாகவும் தெரிகிறது. ஆனாலும் 2014-இல் ஐரோப்பியர், ஆசியர் என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, முடக்குவாதத்தோடு தொடர்புள்ளவையாகத் தெரிந்த 101 இடங்களில் பெரும்பாலானவை இருவருக்கும் பொதுவாகவே இருந்தன. வித்தியாசம் ஓரங்களில்தான்.

வம்சாவளியின் பேச்சை அதிகமாக நம்பாமலிருக்க எனக்குக் கிடைத்த சிறந்த எடுத்துக்காட்டு அரிசோனாவின் பீமா மக்கள். அவர்களில் 100 பேரில் ஏறத்தாழ 5 பேருக்கு முடக்குவாதம் இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. அவர்களுடைய எச்.எல்.ஏ. வடிவத்தில் அந்தச் சாவி மிகப் பரவலாக இருந்ததும் உண்மை. ஆனால் 1960-களின் நடுவிலிருந்து 1990 வரை, 25 ஆண்டுகள், அதே மக்களைத் தொடர்ந்து கவனித்தபோது புதிதாக நோய் வருகிறவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. 25 ஆண்டுகளில் ஒரு மக்கள்கூட்டத்தின் மரபணுக்கள் மாறிவிடுவதில்லை. மாறியது வேறு எதுவோ. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையர்களைப் பாருங்கள்: ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது, 1993-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வின்படி, 100-இல் 15 மட்டுமே. மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும் மீதி 85 பேர் தப்பிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை நன்கு நிறுவப்பட்ட புறக்காரணம் புகையிலை. புகை, நுரையீரலில் சில புரதங்களின் உருவத்தை மாற்றுகிறது. அந்தச் சாவியுள்ள எச்.எல்.ஏ. வடிவங்கள் மாறிய புரதங்களை நோய் எதிர்ப்பு அணுக்களிடம் அந்நியன் என்று காட்டிக்கொடுக்கின்றன. மூட்டில் சண்டை தொடங்க இன்னும் பல ஆண்டுகள் ஆகலாம். நான் இருபது வயதில் விளையாட்டாகத் தொடங்கி முப்பத்தொன்றில் நிறுத்தினேன். என் வம்சாவளியைப் பற்றி விசாரித்த உறவினர்கள் ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

தங்கையின் நோய்க்கு வருகிறேன். லூபஸ் பெரும்பாலும் பெண்களையே தாக்குகிறது. 10 நோயாளிகளில் ஏறத்தாழ 9 பேர் பெண்கள். எந்த வம்சாவளியும் தர முடியாத வித்தியாசம் இது. ஆயினும் ஆப்பிரிக்க, ஆசிய, லத்தீன் அமெரிக்க, பழங்குடி வம்சாவளியினரிடம் அது அதிகம் என்பதற்கு மரபணுக் காரணங்களும் உண்டு. உடல், எதிரணுக்களை உற்பத்தி செய்யும் வேகத்துக்குத் தடைக்கட்டையாக இருக்கும் ஓர் ஏற்பி எஃப்.சி.ஜி.ஆர்.2பி. அதன் ஒரு வடிவத்தில் அந்தத் தடை சரியாகப் பிடிப்பதில்லை. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்த இரண்டு படிகளும் அப்படி அமைந்தவர்களுக்கு லூபஸ் ஆபத்து கூடுகிறது. இந்த வடிவம் ஐரோப்பாவில் அரிது. ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் மிகுதி. மலேரியா காலங்காலமாக உலுக்கிய நிலங்கள் அவை. 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கென்யக் குழந்தைகளைக் கடுமையான மலேரியாவிலிருந்து அதே வடிவம் காப்பது தெரிந்தது. தடை தளர்ந்த உடல் கிருமியோடு மூர்க்கமாகப் போரிடுகிறது. கிருமி இல்லாத இடத்தில் தன்னோடேயே போரிடுகிறது. கொசு எழுதிய வரலாறு இது. தோலின் நிறத்தை எழுதியது வெயில். இரண்டும் பல இடங்களில் ஒரே நிலத்தில் நடந்ததால், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம்போல் தோற்றமளிக்கிறது.

சிறுநீரகத்தின் கதை இன்னும் தெளிவானது. ஏ.பி.ஓ.எல்.1 என்ற மரபணுவின் இரண்டு வடிவங்கள், ஒருவகைத் தூக்கநோய்க் கிருமியிலிருந்து காப்பதால் ஆப்பிரிக்காவில் பெருகியவை. இரண்டு படிகளும் அந்த வடிவங்களாக அமைந்தவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்து அதிகம். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது அது வேகமாக முற்றிவிடவும் அவை காரணமாகின்றன. ஆப்பிரிக்க வம்சாவளி இல்லாதவர்களிடம், அவர்கள் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், இந்த வடிவங்களை ஏறக்குறையக் காணவே முடியாது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் சிறுநீரகக் கணக்கைப் பார்த்து என் தங்கை அச்சப்பட்டதில் ஒரு பகுதி, அவளிடம் இருக்கவே வாய்ப்பில்லாத ஒரு மரபணுவைப் பற்றிய அச்சம். மிச்சப் பகுதியில் மருத்துவக் காப்பீடு இல்லாமை, தாமதமாகக் கண்டறிதல், மருந்தைத் தொடர்ந்து வாங்க முடியாமை எல்லாம் கலந்திருக்கின்றன. அவற்றையும் தோலின் கணக்கில் எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

ஊர்ப்பெயரோ இனப்பெயரோ ஒட்டிக்கொண்ட வாதநோய்கள் இன்னும் பல. துருக்கியத் தோல் மருத்துவர் ஹுலுசி பெஹ்செட் 1937-இல் விவரித்த நோய், பழைய பட்டுப்பாதை நெடுகிலும் மிகுதி. துருக்கியிலிருந்து ஜெர்மனிக்குக் குடியேறியவர்களுக்கு அது ஜெர்மானியர்களைவிட அதிகமாகவும் துருக்கியில் இருப்பவர்களைவிடக் குறைவாகவும் வருகிறது, மரபணு பாதி ஊர் பாதி என்று பங்கு பிரித்ததுபோல. முதியவர்களின் நெற்றிப்பொட்டு நாளங்களைத் தாக்கும் அழற்சியோ ஸ்காண்டிநேவிய வம்சாவளியினரிடம் மிகுதி. இங்கே வெளுத்த தோல்காரர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். காய்ச்சலும் மூட்டுவலியும் விட்டு விட்டு வரும் மத்தியதரைக்கடல் குடும்பக் காய்ச்சல் ஆர்மேனியர், துருக்கியர், யூதர், அரபியரிடம் காணப்படுகிறது. அதன் மரபணு மாற்றங்கள் பிளேக் என்ற கொள்ளைநோயின் கிருமியிலிருந்து காத்ததால் பெருகியிருக்கலாம் என்று 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இவற்றில் எதிலுமே நிறத்துக்கு வேலை இல்லை.

நிறத்துக்கு நேரடி வேலையே கிடையாதா என்றால், ஓரிரண்டு இடங்களில் உண்டு. புற ஊதாக் கதிர் லூபஸைக் கிளறிவிடும்: தோலின் அணுக்கள் கதிர்பட்டு மடிகின்றன, அவற்றின் உட்கரு வெளியே சிதறுகிறது, ஏற்கெனவே உட்கருவின் மீது பகைகொண்ட எதிரணுக்களுக்கு அது தீனியாகிறது. மெலனின் இந்தக் கதிரை வடிகட்டுகிறது. வெளுத்த தோலுக்கு இயற்கையாக உள்ள பாதுகாப்பு, வெயில் களிம்புகளின் அளவுகோலில் ஏறத்தாழ 3 என்றால், கறுத்த தோலுக்கு ஏறத்தாழ 13 என்று 1970-களின் முடிவிலேயே அளந்தார்கள். நிறம் மட்டுமே தீர்ப்பு எழுதுவதாக இருந்தால், கறுத்தவர்களுக்கு லூபஸ் குறைவாக அல்லவா வந்திருக்க வேண்டும்? கணக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. தங்கைக்கு நான் முதலில் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். அன்று நினைவுக்கு வரவில்லை.

இன்னொரு வழி, வைட்டமின் டி. கறுத்த தோல் அதே வெயிலில் குறைவாகவே அதை உற்பத்தி செய்கிறது. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வில், நாளொன்றுக்கு 2,000 அலகு வைட்டமின் டி சுமார் 5 ஆண்டுகள் உட்கொண்டவர்களுக்குத் தன்னுடல் தாக்குநோய்கள் 22 விழுக்காடு குறைந்தன என்று 2022-இல் முடிவு வெளியானது. ஆகவே இந்த வழியை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் அதே நாட்டில் கறுப்பினத்தவருக்கு ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக அளக்கப்பட்டாலும், எலும்பு வெள்ளையர்களைவிட உறுதியாக இருக்கிறது, முறிவும் குறைவு. ஓர் எண் குறைவாக இருப்பதாலேயே உடலுக்கு அது போதவில்லை என்று ஆகிவிடாது. இந்த வழியாக நிறம் செலுத்தும் செல்வாக்கு சிறியது என்பது என் எண்ணம். இருந்தால் மாத்திரையால் சரிசெய்துவிடக்கூடியதும்கூட.

நிறம் உண்மையிலேயே பெரிய வேலை செய்கிற இடம் வேறு. நோய் வருவதில் இல்லை. வந்த நோய் கண்ணுக்குத் தெரிவதில்.

தங்கையின் இரு கன்னங்களிலும் மூக்கின் தண்டிலும் அந்தத் தடிப்பு வந்தபோது, பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன சொல் ‘மங்கு’. வெயிலில் அலைந்ததால் வந்த கருமை என்றார்கள். அவள் பார்த்த மருத்துவரும் அப்படியே சொல்லி, நிறத்தை மங்கவைக்கும் களிம்பு எழுதிக்கொடுத்தார். பதினான்கு மாதம் அதைப் பூசினாள். பாடநூல்களில் லூபஸின் தடிப்பு சிவப்பு என்று எழுதியிருக்கும். பக்கத்தில் இருக்கும் படமும் பெரும்பாலும் ஒரு வெளுத்த முகமாகவே இருக்கும். நம் மொழியில் வெளுத்தவர்களையும் சிவப்பு என்கிறோம், அழற்சியின் நிறத்தையும் சிவப்பு என்கிறோம். யோசித்தால், அழற்சி சிவப்பாகத் தெரியும் அளவுக்கு வெளுத்த தோலையே நாம் இயல்பாக வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருக்கிறது. அவள் முகத்தில் சிவப்பு கிடையாது. ஊதா கலந்த அடர்பழுப்பு இருந்தது. விளக்கடியில் உட்காரவைத்து நான் கிட்டத்தில் பார்த்த அந்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. மங்கு தோலோடு தட்டையாகப் படிந்திருக்கும். இதன் விளிம்பை விரல்நுனியால் தடவினால் மெல்லிய கரைபோல் தட்டுப்பட்டது. புறங்கையை வைத்தால் கன்னத்தின் மற்ற பகுதியைவிடச் சூடு. மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பை மட்டும் அது தொடாமல் விட்டிருந்தது. அந்த விடுபட்ட மடிப்புதான் லூபஸின் முத்திரை என்று என் சொந்த நோய்க்காகப் படித்தபோது எங்கோ பார்த்திருந்தேன். மறுவாரம் என் வாதநோய் மருத்துவரிடம் அவளை அழைத்துப் போனேன். சிறுநீரில் புரதம் அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது.

பதினான்கு மாதம். எனக்கு ஒரே வருகையில் தெரிந்தது அவளுக்குப் பதினான்கு மாதம் கழித்துத் தெரிந்தது. நோய்ப் பதிவேட்டில் அவள் ‘கண்டறியும்போதே சிறுநீரகம் பாதிக்கப்பட்ட’ நோயாளியாகப் பதிவாகியிருப்பாள். கறுத்தவர்களுக்கு நோய் கடுமையாக வருகிறது என்ற கணக்கில் அவளும் ஓர் எண்ணாகச் சேர்ந்திருப்பாள். கடுமைக்கு எது காரணம், தோலா, தோலைப் பார்த்த கண்ணா?

முகத்தோடு இது முடிவதில்லை. ரேனோ நோயில் குளிர்பட்ட விரல்கள் வெளுத்து, நீலம் பாய்ந்து, பிறகு சிவக்கும் என்பது 1862-இலிருந்து வழங்கிவரும் விவரிப்பு. கறுத்த விரல்களில் இந்த மூன்று கட்டமும் அப்படி வரிசையாகக் காட்சி தருவதில்லை. தோல் இறுகும் நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க, நகக்கண்ணுக்கு மேலுள்ள மடிப்பில் ஒரு துளி எண்ணெய் விட்டு, உருப்பெருக்கியால் நுண்ணிய ரத்தக்குழாய்களைப் பார்ப்பார்கள். எனக்கும் அவளுக்கும் ஒரே நாளில் அந்தச் சோதனை நடந்தது. என் விரலில் குழாய்கள் வரிசையாக, கொண்டையூசிகளை அடுக்கியதுபோல் திரையில் தெரிந்தன. அவள் விரலில் நிறமியின் திரை குறுக்கே நின்றது. பரிசோதித்தவர் விரல்களை ஒவ்வொன்றாக மாற்றி, நான்காவது விரலில்தான் தெளிவாக ஒரு பகுதியைப் பிடித்தார். பொறுமைசாலி. அவசரக்காரராக இருந்திருந்தால் ‘சரியாகத் தெரியவில்லை’ என்று எழுதி முடித்திருப்பார்.

வம்சாவளியைக் கேட்டுத் தெரிந்துகொள்வதால் மருத்துவத்தில் பயன் இருக்கிறதா என்றால், மருந்து கொடுக்கும் இடத்தில் நிச்சயமாக இருக்கிறது. லூபஸுக்கு ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் அரிதாக விழித்திரையைப் பாதிக்கும். அந்தப் பாதிப்பு விழித்திரையின் மையத்தை ஒட்டித் தொடங்கும் என்று எண்ணி, மையத்தை மட்டும் சோதிப்பது நெடுங்கால வழக்கம். 2015-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பாதிக்கப்பட்ட ஆசிய வம்சாவளியினரில் பாதிப் பேருக்கு அது மையத்தைவிட்டு விலகிய வட்டத்தில் மட்டுமே இருந்தது. வெள்ளையர்களில் அப்படி இருந்தது 2 விழுக்காட்டினருக்குத்தான். அதன் பிறகு ஆசியர்களுக்கு அகன்ற பரப்பில் சோதிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வந்தது. தங்கை ஒவ்வோர் ஆண்டும் கண் சோதனைக்குப் போகும்போது இதைச் சொல்லிக் கேட்டு வாங்குகிறாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஆனால் இங்கும் ‘ஆசியர்’ என்ற சொல், நேரடியாகச் சோதித்துப் பார்க்க முடியாதவரை பயன்படுத்தும் ஊன்றுகோல்தான். சோதிக்க முடிந்துவிட்டால் கேட்க வேண்டிய கேள்வியே மாறிவிடுகிறது. சென்ற மாதம் தங்கைக்கு, நோய் எதிர்ப்பைத் தணிக்கும் அசதியோபிரின் என்ற மருந்தைத் தொடங்க வேண்டியிருந்தது. நுட்15 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் உள்ளவர்களுக்கு இந்த மருந்து வழக்கமான அளவிலேயே வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குச் சரித்துவிடும். 2014-இல் கொரிய நோயாளிகளிடம் கண்டறியப்பட்ட மாற்றம் இது. கிழக்காசியர்களிடம் இது பரவல், தெற்காசியர்களிடமும் கணிசமாக உண்டு, ஐரோப்பியர்களிடம் மிக அரிது. மருத்துவர் வம்சாவளியை வைத்து ஊகிக்காமல், நிறத்தைப் பார்க்காமல், ரத்தத்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ஒரு படி இயல்பானது, ஒரு படி மாறியது என்று முடிவு வந்தது. வழக்கத்தில் பாதி அளவில் மருந்து தொடங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்த எண்ணிக்கை பார்க்கிறார்கள். இரண்டாவது எண்ணிக்கை நேற்று வந்தது. வெள்ளணுக்கள் 4,800, இயல்பான அளவுக்குள்தான்.